மலையடிவாரக் கேள்விகள்: நரிக்கு வைத்தது யாருக்கு?

கன்னிவாடி, தருமத்துப்பட்டி, ரெட்டியார்சத்திரம் பக்கத்து வாசகர்கள் நரியைப் பற்றியும் வேட்டையைப் பற்றியும் அனுப்பிய கடிதங்களுக்கு, வனத்துறையில் களப்பணி செய்து ஓய்வுபெற்ற நம் பத்தியாளர் பதில் தருகிறார்.

கேள்வி: போன வாரம் விடிகாலையில் பட்டியைப் போய்ப் பார்த்தால் ஆறு ஆடு கிடக்கிறது. எல்லாம் பெரிய ஆடு. தொடையிலும் காதிலும் கடி. ஒன்றைக்கூட முழுசாகத் தின்னவில்லை. மலையிலிருந்து இறங்கிய நரி வேலைதான். என் சொந்தப் பட்டா நிலம். அதில் கண்ணி வைக்கலாமா, தெரிந்தவரிடம் துப்பாக்கி இருக்கிறது, சுடச் சொல்லலாமா?
(ஆடு வளர்ப்பவர், தருமத்துப்பட்டி)

பதில்: இரண்டும் கூடாது. பட்டா, புறம்போக்கு, காப்புக்காடு என்று நிலத்துக்கு நிலம் மாறுகிற சட்டம் இல்லை இது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எல்லா நிலத்திலும் செல்லும். 2022-ல் அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது முதல் நரி முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணையில். குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. கண்ணியில் எதுவும் விழவில்லை என்று சொல்லியும் தப்ப முடியாது, முயற்சி செய்தாலே வேட்டைதான். துப்பாக்கி வைத்திருக்கும் நண்பருக்கு உரிமம் இருந்தாலும் அது நரியைச் சுடத் தந்த உரிமம் இல்லை.

இனி ஆட்டுக்கு வருவோம். உங்கள் ஆடுகளை நரி கொல்லவில்லை. நீங்கள் எழுதிய நாலு வரியிலேயே அது தெரிகிறது. நரி எட்டுப் பத்துக் கிலோ எடையுள்ள பிராணி. அதற்கு வேண்டியது பசிக்கு ஒரு குட்டி. குரல்வளையையோ வயிற்றையோ கடிக்கும், முடிந்தால் தூக்கிக்கொண்டு புதருக்குள் போய்விடும். ஒரே இரவில் ஆறு பெரிய ஆடுகளைத் தொடையிலும் காதிலும் பிய்த்துப் போட்டுவிட்டுத் தின்னாமல் போவது கூட்டமாகத் திரியும் நாய்கள். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கத்து விவசாயிகளைக் கேளுங்கள். செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு அவர்கள் மறியல் செய்ததெல்லாம் தெருநாய்களால்தான்.

ஆடு செத்ததும் தடத்தைப் பார்க்காமல் சுற்றி நின்று மிதித்து அழித்துவிடுகிறோம். எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். நாயின் கால்தடம் அகலமாக விரிந்திருக்கும். நரியின் தடம் ஒடுங்கி நீண்டிருக்கும், நடுவிரல் இரண்டின் மெத்தையும் அடியில் ஒட்டியிருக்கும். ஈரமண்ணில் ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு குழப்பம் வராது. அடுத்த முறை உடலை நகர்த்தாமல் படம் எடுங்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், வனவருக்கும் தகவல் சொல்லுங்கள். மருத்துவரின் அறிக்கை இல்லாமல் எந்த இழப்பீட்டுக்கும் கதவு திறக்காது.

பட்டிக்கு ஆறடி உயரம் கம்பிவலை போட்டு, வலையின் அடியை ஒரு அடி மண்ணுக்குள் புதையுங்கள். நாயும் நரியும் தோண்டித்தான் உள்ளே வரும். செத்த கோழி, கழித்த குடல் எதையும் பட்டிப் பக்கம் எறியாதீர்கள். உங்களை நம்பித்தான் அந்த ஆடுகள் இரவில் படுக்கின்றன.

கேள்வி: மாசி மகா சிவராத்திரிக்குப் பாரிவேட்டை போவது எங்கள் ஊர் வழக்கம். முயல் தானே, அதற்கும் சட்டமா?
(கல்லூரி மாணவர், மாங்கரை)

பதில்: முயலுக்கும் சட்டம் உண்டு. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், கூட வந்த நாயும் வண்டியும் வழக்கில் சேரும். சாமிக்குத் தேங்காய் உடையுங்கள். பிடித்த முயலோடு படம் எடுத்துப் போடும் தம்பிகளுக்கும் இதே பதில். அந்தப் படமே நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான சாட்சி.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், மேற்குப் பக்க மாநிலம் ஒன்றில் வேலை பார்க்கிறான். வாரக் கடைசியில் அலுவலக நண்பர்கள் அரசுப் பொது நிலத்தில் கயோட்டி என்ற ஓநாய் போன்ற மிருகத்தைச் சுடப் போகிறார்களாம். அதே இடத்தில் நடைப்பயிற்சிக்காரர்கள், சைக்கிள்காரர்கள், நாயோடு வருபவர்கள் எல்லோரும் இருப்பார்களாம். அங்கே அது சட்டப்படி சரி என்கிறான். நம்மூர் நரிக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: அம்மா, கயோட்டியை நம்மூர் நரியின் தூரத்துப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நரியைவிடக் கொஞ்சம் பெரியது. எலி, முயல், பழம், செத்த பிராணி என்று சாப்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். மேற்கு மாநிலங்கள் பலவற்றில் அதைச் சுடுவதற்குப் பருவக் கட்டுப்பாடுகூடக் கிடையாது. மகன் சொன்னது சரி.

ஆனால் அவர்கள் சுட்டுச் சாதித்தது என்ன? தனியார் வேட்டையைத் தனியாக வைத்துவிடுவோம். அமெரிக்க மத்திய அரசின் ஒரு துறையே ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் கயோட்டிகளைக் கொல்கிறது. இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். அதற்குள் மேற்குச் சமவெளியில் இருந்த அந்தப் பிராணி கிழக்குக் கடற்கரை வரை பரவிவிட்டது, தெற்கே பனாமா வரை போய்விட்டது. கூட்டத்தில் குட்டி போடும் ஜோடி செத்தால் மற்றப் பெட்டைகளும் குட்டி போடத் தொடங்குகின்றன, பிறந்த குட்டிகளுக்கு இரையும் தாராளமாகக் கிடைக்கிறது என்று அங்குள்ள உயிரியலாளர்கள் காரணம் சொல்கிறார்கள். ஆட்டைக் காப்பாற்றச் சுடுகிறோம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அந்த நாட்டுப் பொது நிலத்தின் அளவு நமக்குக் கற்பனைக்கு எட்டாது. நில மேலாண்மைக்கென்று இருக்கும் ஒரே துறையின் கையில் மட்டும் ஏறக்குறைய 24 கோடி ஏக்கர். அத்தனை பரப்பிலேயே வேட்டைக்காரரும் நடைக்காரரும் ஒருவரையொருவர் இடித்துக்கொள்கிறார்கள். கன்னிவாடியில் மலையடிக்கும் முதல் வீட்டுக்கும் நடுவே எத்தனை தூரம் இருக்கிறது? மகன் வேட்டைக்குப் போக வேண்டாம். அந்த நிலத்தில் நடக்கப் போனால் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டை போடட்டும், நாயைக் கயிற்றில் பிடிக்கட்டும். புதருக்குள் அடிபட்ட முயல் கத்துவது போலக் கேட்டால் அந்தப் பக்கம் போகக் கூடாது. கயோட்டியை வரவழைக்க வேட்டைக்காரர்கள் அந்தக் குரலைக் கருவியில் ஒலிக்க விடுவார்கள்.

கேள்வி: நரிக்கொம்பு வீட்டில் வைத்தால் யோகம் என்று ஒருவர் ஐயாயிரம் கேட்கிறார். அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?
(மளிகைக் கடைக்காரர், ஒட்டன்சத்திரம்)

பதில்: நரிக்குக் கொம்பு கிடையாது. மண்டையோட்டுத் துண்டையோ நகத்தையோ தோலில் சுற்றி விற்கிறார்கள். அது போலி என்றால் பணம் போச்சு. நிஜமாகவே நரியின் உறுப்பு என்றால் வைத்திருப்பதே குற்றம்.

கேள்வி: நாயோடை நீர்த்தேக்கத்துக்கு மேலே கரட்டு ஓரமாகத் தினமும் காலையில் என் நாயோடு நடப்பேன். இரண்டு மாதம் முன்பு அது புதருக்குள் எதையோ கவ்வியது. வெடித்தது. தாடை சிதறிவிட்டது. காப்பாற்ற முடியவில்லை. யாரோ நரிக்கோ பன்றிக்கோ இரைக்குள் வெடி மறைத்து வைத்த அவுட்டுக்காயாம். ஊரில் கேட்டால், "அங்கே நாயைக் கூட்டிக்கொண்டு போனது உங்கள் தப்பு" என்கிறார்கள். சிலர் இது நரிக்குறவர் வேலை என்கிறார்கள். என் நாய்க்கு ஆறு வயது. நான் என்ன செய்திருக்க வேண்டும்?
(தபால் துறை ஊழியர், கன்னிவாடி)

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை ஊருக்குச் சொல்கிறேன்.

அந்தக் கரட்டோரத்தில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை யாரெல்லாம் நடக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளாடு ஓட்டி வருபவர், விறகுக்குப் போகும் பெண்கள், பால்மாட்டுக்குப் புல் அறுக்கிறவர். சோமலிங்கபுரத்து மலைக்கோயிலுக்குக் குறுக்கே போகும் பக்தர்கள். பள்ளி விட்டதும் நாவற்பழமும் இலந்தையும் பொறுக்க ஓடும் பிள்ளைகள். பறவை பார்க்கக் கேமராவோடு வரும் இளைஞர்கள். சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொல்லி மருத்துவர் அனுப்பிய பெரியவர்கள். இரவானால் ஆடலூர், பன்றிமலைச் சரிவிலிருந்து யானை இறங்குகிறது. நரி, கீரி, முள்ளம்பன்றி, மான் எல்லாம் அதே தடத்தில் போகின்றன. இத்தனை பேர் புழங்குகிற இடத்தில் ஒருவன் சாயங்காலம் வந்து இறைச்சிக்குள் வெடியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறான். என் வாழ்நாள் முழுக்க எனக்குப் பொறுக்காத விஷயம் இதுதான்.

துப்பாக்கிக்காரனுக்காவது ஒரு கண் இருக்கிறது, ஒரு விரல் இருக்கிறது. எதிரே நிற்பது நரியா நாயா, பிள்ளையா என்று பார்க்க ஒரு விநாடி கிடைக்கும். அப்படிப் பார்த்துச் சுடுவதும் குற்றம்தான். ஆனால் வைத்துவிட்டுப் போகிற ஆயுதத்துக்கு அந்த ஒரு விநாடிகூட இல்லை. அவுட்டுக்காய், சுருக்குக் கம்பி, தோட்டத்தைச் சுற்றிப் போடும் திருட்டு மின்சாரம், விஷம் தடவிய கோழி எல்லாம் அந்த ஒரே இனம். முதலில் வாய் வைத்தது யார், முதலில் கால் வைத்தது யார் என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு.

அமெரிக்காவைப் பற்றி மேலே எழுதினேன். அங்கே இடாஹோ மாநிலத்தில் போகடெல்லோ என்றொரு ஊர். கயோட்டியைக் கொல்வதற்காக அரசுத் துறையே ஒரு கருவியை மண்ணில் நட்டு வைத்திருந்தது. வாசனைக்கு வந்து இழுத்தால் சயனைடைப் பீய்ச்சும். 2017 மார்ச்சில் 14 வயதுப் பையன் ஒருவன் வீட்டுக்குப் பின்னாலுள்ள குன்றில் தன் நாயோடு நடந்தான். ஏதோ குழாய் என்று நினைத்துத் தொட்டான். அவன் கண் முன்னாலேயே நாய் செத்தது. பையன் பிழைத்துக்கொண்டான். பயிற்சி பெற்ற ஆட்களை வைத்து, பதிவேடு எழுதி, எச்சரிக்கைப் பலகைக்கு விதி வைத்து நடத்திய அரசுத் துறைக்கே நடந்த கதை இது. 2023 நவம்பரில், அந்தக் கோடிக்கணக்கான ஏக்கர் பொது நிலத்தில் இனி அந்தக் கருவி கூடாது என்று நிறுத்தினார்கள். முறையாக வைத்தவர்களாலேயே காப்பாற்ற முடியாததை, இருட்டில் திருட்டுத்தனமாக வைக்கிறவன் எப்படிக் காப்பாற்றுவான்?

நம் பக்கம் வாருங்கள். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டம் மண்ணார்க்காட்டுப் பக்கம் கருவுற்ற யானை ஒன்று வெடி வைத்த காயைக் கடித்தது. அன்னாசிப்பழம் என்று நாடெங்கும் பேசினார்கள், தேங்காய் என்று விசாரணையில் சொன்னார்கள். எதுவாயிருந்தால் என்ன? வாய் சிதறி, சாப்பிட முடியாமல், ஆற்றுத் தண்ணீருக்குள் போய் நின்றபடியே செத்தது. அடுத்த ஆண்டு திருச்சி மாவட்டம் ஜீயபுரம் பக்கம் இறைச்சியில் நாட்டுவெடி வைத்து ஒரு நரியைக் கொன்றார்கள். 12 பேர் கைதானார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்காக இழுத்துவிட்ட மின்கம்பியில் மூன்று யானைகள் ஒரே இடத்தில் விழுந்தன. கூட இருந்த இரண்டு குட்டிகள் செத்த தாய்களை விட்டு நகரவில்லை. அந்தக் கம்பியை இழுத்தவருக்கு யானை மேல் பகை ஒன்றும் இருந்திருக்காது. அவர் நினைத்தது பன்றியை. ஒவ்வொரு வழக்கிலும் கேட்கிற வாக்குமூலம் இதுதான்: "இதுக்கு வைக்கலீங்க சார், அதுக்கு வைச்சது."

பைக்கின் கிளட்ச் ஒயரில் சுருக்குப் போடுகிறார்கள் என்று சொன்னால் நகரத்து நண்பர்கள் நம்புவதில்லை. முயலுக்குப் போட்ட அந்தச் சுருக்கில் சிறுத்தை விழும். இழுக்க இழுக்க இடுப்பில் இறுகும். அதை விடுவிக்கக் கால்நடை மருத்துவரும் மயக்க ஊசியும் வந்து சேருமுன் பாதி உயிர் போயிருக்கும். ஆட்டுக்காரர்களே, உங்கள் சினையாடு அதில் கால் விட்டதில்லையா?

"நரிக்குறவர் வேலை" என்று உங்கள் ஊரில் சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்த்தீர்களா? பார்க்காமல் ஒரு சமூகத்தின் மேல் பழி போடாதீர்கள். பணிக்காலத்தில் நான் கண்ட வழக்குகளில் எல்லாச் சாதியும் இருந்தது. சொந்தமாகத் தோட்டமும் டிராக்டரும் உள்ளவர்களும் இருந்தார்கள். கையில் கிடைத்தவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு வெடி வாங்கிக் கொடுத்தவன் நழுவுவதுதான் வழக்கம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சம்பவம் நடந்து இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை, காவல் நிலையத்தில் எழுத்தாகப் புகார் கொடுங்கள். இது வனக் குற்றம் மட்டும் இல்லை, வெடிபொருள் சட்டத்திலும் குற்றம். அதன் நகலைக் கன்னிவாடி வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்கு நம்மூர் அலுவலகங்களில் ஆயுள் குறைவு. எந்த இடம் என்பதை அலைபேசி வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். ஒரு காய் இருந்த இடத்தில் இன்னும் நாலைந்து இருக்கும். அந்தச் சரிவைத் துழாவ வேண்டியது துறையின் கடமை. அதைக் கேட்பது உங்கள் உரிமை.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். புதரோரம் காரணமில்லாமல் கிடக்கும் இறைச்சித் துண்டு, குடல், உருட்டிக் கட்டிய பொட்டலம், நூல் சுற்றிய பழம் எதையும் தொடாதீர்கள், குச்சியாலும் புரட்டாதீர்கள். நாயைக் கயிற்றில் பிடித்துப் பின்வாங்குங்கள். தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். 112-க்குக் கூப்பிடுங்கள். பழம் பொறுக்கப் போகும் பிள்ளைகளுக்கு இதைப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். சுற்றுக் கிராமத்துக்காரர்கள் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் எழுந்து பேசுங்கள். மேய்ச்சல் புறம்போக்கிலும் குளத்தங்கரையிலும் மலையடியிலும் வெடியோ சுருக்கோ வைக்கிறவர் யாரானாலும் ஊர் காப்பாற்றாது என்று தீர்மானம் போடுங்கள். இந்தக் குற்றம் நடப்பதற்குக் காரணம் ஊருக்குத் தெரியாதது அல்ல. ஊருக்குத் தெரிந்தும் வாய் திறக்காததுதான்.

ஆறு வயது நாயை இழந்த துக்கம் எனக்குப் புரிகிறது. நடப்பதை நிறுத்தாதீர்கள். நல்லவர்கள் நடமாட்டம் நின்ற தடத்தில்தான் இவர்கள் துணிந்து இறங்குகிறார்கள்.

கேள்வி: வெள்ளைக்காரன் காலத்தில் ஊட்டியில் நரிவேட்டை அரச விளையாட்டாக இருந்தது. நம் கன்னிவாடி ஜமீனிலும் வேட்டை இருந்தது. பாரம்பரியத்தை இப்படி ஒரேயடியாகத் தடுப்பது நியாயமா?
(வரலாற்று ஆர்வலர், சின்னாளபட்டி)

பதில்: ஊட்டிக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். ஆங்கில அதிகாரிகள் தங்கள் ஊரிலிருந்து வேட்டைநாய்களை வரவழைத்து, குதிரையில் ஏறி, புல்வெளியில் நரியைத் துரத்தினார்கள். அந்தப் புல்வெளிக்கு வென்லாக் டவுன்ஸ் என்று பெயர், 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர். ஆனால் அது யாருக்கும் சொந்தமில்லாத வெற்றுவெளியாகவா கிடந்தது? தோடர்களின் எருமைகள் காலங்காலமாக மேய்ந்த இடம். எருமைக்காரரை யாரும் கேட்கவில்லை. பிறகு அங்கே கோல்ஃப் மைதானம் வந்தது, தைல மரமும் சீகை மரமும் வந்தன, புல்வெளி சுருங்கியது. பொது நிலத்தில் ஒருவரின் பொழுதுபோக்கு மற்றவரின் பிழைப்பை எப்படித் தள்ளிவைக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உள்ள உதாரணம் அது. இதைப் பாரம்பரியம் என்று நீங்கள் எழுதியது எனக்கு வருத்தம்.

கன்னிவாடி ஜமீன் காலத்து வேட்டையைப் பற்றிக் கேட்கிறீர்கள். அன்று காடு எவ்வளவு, இன்று எவ்வளவு? சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்து ஊர்களில் பொங்கல் முடிந்ததும் வங்காநரியைப் பிடித்து வந்து ஓடவிட்டு, பிறகு காட்டில் விடும் வழக்கம் உண்டு. நரி முகத்தில் விழித்தால் அந்த ஆண்டு விளையும் என்பது நம்பிக்கை. அவர்கள் கொல்வதில்லை. இருந்தும் வாயைக் கட்டி, கூட்டத்தில் ஓடவிட்ட நரி எத்தனை நாள் பிழைக்கும்? வனத்துறை அபராதம் போடுகிறது, போடத்தான் வேண்டும். நரியைப் பார்த்தால் நல்லது என்று நம்புகிற ஊர், நரி வாழ்கிற ஓடையை அழிக்காமல் விட்டால் தினம் பார்க்கலாம்.

கேள்வி: காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை நாசம் செய்கிறது. பன்றியைச் சுட அரசு அனுமதித்துவிட்டது என்கிறார்களே?
(விவசாயி, கசவனம்பட்டி)

பதில்: உங்களுக்கு அனுமதிக்கவில்லை. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது இது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். கிராம அளவில் குழு உண்டு, அதன் வழியாக விண்ணப்பியுங்கள். உங்கள் நிலம் காட்டிலிருந்து எத்தனை தூரம் என்று முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்குங்கள். பயிர் போகிற வேதனை சிறியதில்லை, மனு போட்டு அலைவதும் சிறியதில்லை. அதற்காகக் கம்பத்திலிருந்து நேரே கம்பி இழுத்துவிடாதீர்கள். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் உங்கள் பக்கத்து வயல்காரர்தான் அதில் விழுவார். மின்வேலி வேண்டுமென்றால் பேட்டரியில் விட்டுவிட்டு அதிரும் சூரிய மின்வேலிதான், அதற்கும் 2023-ல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகள்படி வனத்துறையில் பதிவு வேண்டும்.

கேள்வி: நானும் நண்பர்களும் இரவில் நெற்றி விளக்கோடு போய் நரியைப் படம் எடுக்கிறோம். அலைபேசியில் நரி ஊளையைப் போட்டால் பக்கத்தில் வருகிறது. வேட்டை இல்லையே, தவறா?
(புகைப்பட ஆர்வலர், திண்டுக்கல்)

பதில்: தவறுதான். அனுமதி இல்லாமல் இரவில் காப்புக்காட்டுக்குள் நுழைந்திருந்தால் அதுவே முதல் குற்றம். வேற்று நரியின் குரல் கேட்டால் குட்டி உள்ள ஜோடி, வளையை விட்டுவிட்டு எல்லை காக்க ஓடி வரும். நீங்கள் படம் எடுக்கும் நேரம் குட்டிகள் தனியாகக் கிடக்கும், தெருநாய்க்கு அது போதும். யானை நடமாடும் சரிவில் நெற்றி விளக்கோடு நிற்பது உங்கள் உயிருக்கும் கேடு. குரங்கணி மலையில் 2018 மார்ச்சில் தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்கு ஒழுங்கு வந்தது. இப்போது அரசே வழிகாட்டியோடு பாதைகளைத் திறந்துவிட்டிருக்கிறது, பதிவு செய்து போங்கள். நரிதான் வேண்டுமென்றால் பொழுது சாயும் நேரம் குளத்தங்கரையில், சாலையை விட்டு இறங்காமல், சத்தமில்லாமல் உட்காருங்கள். பொறுமை இருந்தால் வரும்.

கேள்வி: பகலில் தள்ளாடிக்கொண்டே தெருவுக்குள் வந்த நரி என் மாமியாரின் கணுக்காலைக் கடித்துவிட்டது. சின்னக் கீறல்தான். மஞ்சள் வைத்திருக்கிறோம். பயமாக இருக்கிறது.
(குடும்பத் தலைவி, மூலச்சத்திரம்)

பதில்: இந்தப் பதில் இதழில் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்கு உடனே தொலைபேசியில் சொல்லச் சொன்னேன். சொல்லிவிட்டார்கள், ஊசியும் தொடங்கியாயிற்று. நல்லது. மாமியாருக்கு ஒன்றும் ஆகாது, மிச்ச ஊசிகளைத் தேதி தவறாமல் போடுங்கள்.

மற்றவர்களுக்கு: பகலில் பயமில்லாமல் தள்ளாடி வரும் நரிக்கு வெறிநோய் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கடியைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் வைக்காதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாட்களில் ஊசி. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத ஊசியும் வேண்டும். அங்கே அது இல்லையென்றால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு மருந்து கிடையாது. அதற்கு முன்பே ஊசி போட்டவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். தெருநாய்க்கும் வீட்டுநாய்க்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் நரிக்கு இந்த நோய் போவதே குறையும். நரிக்கு நோய் வருவது பெரும்பாலும் நம் நாய்களிடமிருந்துதான்.

கேள்வி: நரி குறைந்ததால்தான் மயில் பெருகிப் பயிரைத் தின்கிறதா?
(முருங்கை விவசாயி, ரெட்டியார்சத்திரம்)

பதில்: மயில் முட்டையையும் குஞ்சையும் தின்பவற்றில் நரியும் ஒன்று. தரையில் முட்டையிடும் பறவைக்கு நரி இல்லாத கரடு வசதிதான். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் பாய்ச்சிய தோட்டமும் கொட்டிக் கிடக்கும் தானியமும் காரணம். வயல் எலியைத் தின்று நரி செய்யும் உதவியை மட்டும் எந்த விவசாயியும் கணக்கில் எழுதுவதில்லை.

கேள்வி: மக்காச்சோளம் அறுக்கும்போது வரப்போரப் பொந்தில் நான்கு நரிக்குட்டிகள் இருப்பதைப் பார்த்தோம். தாயைக் காணோம். வீட்டுக்கு எடுத்து வந்து பால் கொடுத்து வளர்க்கலாமா?
(பெண் விவசாயி, கன்னிவாடி)

பதில்: எடுக்காதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆள் சத்தத்துக்கு ஒதுங்கியிருக்கிறது. பொந்தைச் சுற்றி நாலைந்து பாத்தி அறுக்காமல் விடுங்கள், அன்றைக்கு அறுவடை இயந்திரத்தை அந்தப் பக்கம் விடாதீர்கள், நாய்களைக் கட்டிப் போடுங்கள். பெரும்பாலும் ஓரிரு இரவில் தாய் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு பொந்துக்குப் போய்விடும். மூன்றாம் நாளும் குட்டிகள் கத்திக்கொண்டு அங்கேயே கிடந்தால் வனக்காப்பாளரைக் கூப்பிடுங்கள். அதுவரை யாரிடமும் இடத்தைச் சொல்லாதீர்கள்.